ஐந்தாவது நிபந்தனை

நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள், மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். விரலால் கீழே வரை தள்ளிவிட்டு 'சம்மதம்' என்பதை அழுத்தியிருப்பீர்கள். ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது. நான் அந்த ஒன்பது நிபந்தனைகளை எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துப் பார்த்தேன்.

நேற்று விசாரணையில் நீங்கள் காகிதமும் பேனாவும் தந்து, "உங்க வார்த்தையிலயே எழுதிக் கொடுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றீர்கள். நல்லதுதான். உங்கள் உதவியாளர் தட்டச்சு செய்யும்போது பெயர்களில் பிழை விடுகிறார். இந்த விவகாரத்தில் பெயர்கள் முக்கியம்.

என் பெயர் மெதெர். வயது முப்பத்தெட்டு. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பால் பண்ணை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அது சோற்றுக்கு. மீதி நேரத்தில் நான் உருவாக்கியது 'அஷூ'. மலையைக் குடையாமல் அஷூ என்கிற கணவாய் வழியாகத் தாண்டிப் போகிறோமே, அதனால் அந்தப் பெயர். உங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், நடுவில் இன்டர்நெட் கொடுப்பவன் சுவர் எழுப்பி வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அஷூவைப் போட்டால் என் சர்வர் வழியாக ஒரு மறைவான பாதை திறக்கும். பாதைக்குள் என்ன போகிறது என்பது எனக்கே தெரியாது. முழு நிரலும் வெளியில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், எடுத்துக்கொள்ளலாம். முதல் நிபந்தனை அதுதான்.

நாலாயிரத்துச் சொச்சம் பேர் பயன்படுத்துகிறார்கள். ஓஷ் நகரில் ஒருவர் கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி போட்டிருக்கிறார். ஊரில் இல்லாத நாளில் கூடாரத்தின் சூட்டை அஷூ வழியாகத்தான் பார்க்கிறார். ரஷ்யாவில் கட்டட வேலை செய்யும் ஒருவன் தன் அம்மா மாட்டுக்குத் தீவனம் போடுவதைத் தினமும் மதியம் பார்க்கிறான். அவனே எழுதியிருந்தான். ஆனால் அந்த மாதிரிக் கடிதம் அபூர்வம். வருவதெல்லாம் இப்படித்தான் இருக்கும்: "யோவ், ரெண்டு நாளா ஓடல. செத்துட்டியா?" தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர்கள் வாலையும் முறுக்கிப் பார்ப்பவர்கள். ஆறு வருடத்தில் நன்றி என்று எழுதியவர்கள் பதினொரு பேர். நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தானாக நினைவில் நின்றுவிட்டது.

இரண்டாவது நிபந்தனையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பயன்படுத்தும் விதத்தால் இதே பாதையை நம்பியிருக்கும் மற்றவர்களுக்குக் கேடு வரக் கூடாது. மூன்றாவது, யார் என்ன செய்தார்கள் என்ற பதிவு எதையும் என் சர்வர் வைத்துக்கொள்ளாது. அதை இன்று வரை நான் மீறியதில்லை. உங்கள் ஆட்கள் சர்வரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஏதாவது கிடைத்ததா? கிடைத்திருக்காது.

ஐந்தாவது நிபந்தனை பாஸ்வேர்டு பற்றியது. ஏழு சொற்கள் வேண்டும். அந்த ஏழு சொற்களிலிருந்து ஒரு கைரேகை மாதிரியான அடையாளம் உருவாகும். சர்வரில் இருப்பது அந்தக் கைரேகை மட்டுமே. அதை வைத்துச் சொற்களைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சொற்கள் ஏற்கெனவே தெரிந்த ஒருவன் தானே கைரேகையை உருவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். சொற்கள் மறக்காதவையாக இருக்கட்டும் என்று ஓர் உதாரணமும் கொடுத்திருந்தேன்: 'உங்கள் ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயர்கள்.'

அல்மாட்டியிலிருந்து தவ்லெத் என்ற நிரலாளர் அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த உதாரணத்த எடுத்துருங்க. நம்ம ஆளுங்க சோம்பேறிங்க, அப்படியே தூக்கிப் போட்டுருவாங்க. ஏழு பேரு என்ன ரகசியமா? கல்யாண வீட்டுல கேட்டா எவனும் ஒப்பிச்சிருவான்."

"உதாரணந்தானே தம்பி. இருந்துட்டுப் போகட்டும்."

"பூட்டிட்டுச் சாவிய வாசல்லயே மாட்டிவைக்கிற கதையா இருக்கு."

அவர் சொன்னது சரி. நான் எடுக்கவில்லை.

இனி பெர்மெத். அவளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரியும். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவளைப் பெண் கேட்டு அவள் பெரியப்பா ஜுனுஸ் வீட்டுக்குப் போனேன். பெர்மெத் அப்போது நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். இரண்டு வருடப் பழக்கம் எங்களுக்குள். என்னை வெறுமனே மெதெர் என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள் முன்னால் எப்படியும் கூப்பிடாமல் சமாளிப்பாள். ஜுனுஸ் ஆட்டுக்கறியைக் கத்தியால் சீவிக்கொண்டே கேட்டார்.

"சொல்லு தம்பி, உன் ஏழு பேரையும்."

சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது பெயரில் அவர் கத்தி நின்றது.

"சரிபாயா? எந்தச் சரிபாய்? ஒத்தக்கண்ணு சரிபாயா?"

"ஆமா."

"அட, அவரு எங்க பெர்மெத்துக்கும் அஞ்சாவது பாட்டன்யா. அப்ப நீ பொண்ணு கேக்க வரல. தங்கச்சியப் பாத்துட்டுப் போக வந்திருக்க. வெக்கப்படாம கறி எடுத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கறியும் எடுத்துக்கொண்டேன். பெர்மெத் தேநீர்க் கெண்டியோடு வாசலில் நின்றாள். ஏழு தலைமுறைக்குள் ரத்தம் கலந்தால் அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாள் பேருந்து நிலையத்தில் அவளிடம் சொன்னேன், பிஷ்கெக்குக்கு வந்துவிடு, நகரத்தில் யார் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று.

"நான் எண்ணுவேனே, மெதெர்" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வருடம் அக்-கென் சுரங்க ஊரில் ஏர்மெக் என்பவனைக் கட்டிக்கொண்டாள். அவன் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டுபவன், ஏழுக்கும் அப்பாற்பட்டவன். அவள் அதே சுரங்கத்தின் மருத்துவ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணத்துக்கு என்னை அழைத்தார்கள். போய்வந்தேன். மனதில் ஒன்றுமில்லை.

இந்த ஜனவரியில் அக்-கென் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. நாலு பேர் செத்தார்கள் என்று கம்பெனி சொன்னது. இன்னும் ஐந்து பேரைக் காணோமே என்று வீட்டார் கேட்டபோது, அவர்கள் இரண்டு நாள் முன்பே வேலையை விட்டுவிட்டு ரஷ்யாவுக்குப் போய்விட்டார்கள் என்று விலகல் கடிதங்களைக் காட்டினார்கள். ஐந்து கடிதத்திலும் கையெழுத்து இருந்தது. ஐந்தில் ஒன்று ஏர்மெக்குடையது.

மார்ச்சில் வெளிநாட்டுச் செய்தித் தளம் ஒன்றில் மருத்துவ நிலையப் பதிவேட்டின் ஒரு பக்கம் வந்தது. அந்த நாளில் கொண்டுவரப்பட்ட உடல்கள் ஒன்பது, பெயரோடு, நர்ஸ் கையெழுத்தில். முழு ஆதாரமும் உள்ளூரில் ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது, அஷூ வழியாகத் தாங்கள் பார்வையிட்டோம், மேலும் வரும் என்று போட்டிருந்தார்கள். அஷூவைப் பற்றி ஒரே வரி. அதை உருவாக்கியவன் யார் என்று அந்த வரியில் இல்லை.

அந்த வாரமே எனக்குச் சர்வர் இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்திலிருந்து நோட்டீஸ் வந்தது, இப்படியே போனால் இணைப்பைத் துண்டிப்போம் என்று. என் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒருவர். மறு பக்கம் நாலாயிரம் பேர். தக்காளிக்காரர், மாட்டைப் பார்க்கும் அந்த ரஷ்யாக்காரன், இவர்களெல்லாம் என்ன பாவம் செய்தார்கள்? இரண்டாவது நிபந்தனை அப்பட்டமாக மீறப்பட்டிருக்கிறது. எழுதியவனே கண்ணை மூடிக்கொண்டால் எழுதி என்ன பயன்?

நோட்டீஸ் என்று சொன்னது சற்று மிகை. நீங்கள் விசாரித்தால் தெரிந்துவிடும் என்பதால் திருத்துகிறேன். அங்கே வேலை செய்யும் ஒருவர் போனில் பேசும்போது, "அண்ணே, பேரெல்லாம் பேப்பர்ல வருது, கொஞ்சம் பாத்து இருங்க" என்றார். வாழ்த்துவதுபோலத்தான் சொன்னார். ஆனால் உட்பொருள் இருந்தது.

திங்கட்கிழமை மதியம், அலுவலகத்தில் சாம்சா சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஏழு பெயர்களை அடித்தேன். காசிமாலி, தொக்தோசுன், பெய்ஷே, கால்மாத், சரிபாய், தொலோ, எசெங்கெல்டி. கைரேகை உருவானது. சர்வரில் உள்ள கைரேகைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். பொருந்தியது.

கவனியுங்கள், நான் எந்தப் பதிவையும் பார்க்கவில்லை. யாரையும் ஒட்டுக்கேட்கவில்லை. என் நினைவில் இருந்த ஏழு பெயர்களை என் சொந்தக் கம்ப்யூட்டரில் அடித்தேன். அதைத் தடுக்கும் நிபந்தனை எதுவும் இல்லை.

அவளுடைய பெயர்கள் எப்படி இத்தனை வருடம் நினைவில் இருந்தன என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். கடைசி மூன்றும் என் பாட்டன்மார் பெயர்களே. மீதி நாலு பெயரை நினைவில் வைத்திருப்பது பெரிய காரியமா?

சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்புத் தலைவர் குபாத் புதன்கிழமை என்னைத் தேடி வந்தார். ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். லக்மான் வரவழைத்தார். நல்ல மனிதர், பரிமாறுகிற பெண்ணிடம்கூட மரியாதையாகப் பேசினார்.

"உங்களுக்கு என்ன வேணும், அண்ணே?"

"ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாங்கிறவனப் பாத்தாதான் எனக்குப் பயம். எதாவது கேளுங்க. மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

"விதியை மீறியிருக்காங்க. அதனாலதான்."

அவர் நூடுல்ஸை உறிஞ்சினார். "சரி. விதின்னா விதிதான்" என்றார்.

தேடி வந்தார் என்று எழுதினேன். முதலில் போன் செய்தது நான். கம்பெனியின் எண் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது, யாரும் கூப்பிடலாம்.

ஏழு பெயர்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் சாட்சியாக இருக்கும் காகிதம் அதுதான், கையெழுத்து என்னுடையதுதான், நிபுணரை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசி மூன்று பெயர்களை எழுதும்போது சிறுவயதிலிருந்து பழகியபடி உதடு அசைய அவர்களுக்காக ஒரு சொல் வேண்டிக்கொண்டேன். குபாத் அதைப் பார்த்து, "எதாவது சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

அந்தப் பெயர்கள் இருந்தால் யாரும் அவளைப்போலவே அவள் கம்ப்யூட்டருக்குள் போகலாம். பதிவேடு, உடல்களின் படங்கள், ஆறு தொழிலாளர்களின் இன்னும் வெளியிடப்படாத வாக்குமூலங்கள், எல்லாவற்றையும் அழிக்கலாம். ஆனால் அழிக்கும் நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்தால் திரையில் பார்த்துவிட்டு மின்கம்பியைப் பிடுங்கிவிடுவாள். அவளை வீட்டிலிருந்து வெளியே வரவைக்க வேண்டும். இதைச் சொன்னது குபாத் இல்லை, நான். ஒரு வேலையைச் செய்தால் முழுதாக யோசித்துச் செய்கிற பழக்கம் எனக்கு.

"வெளிய வரட்டும். நாங்க ரெண்டு வார்த்தை பேசி அனுப்புறோம், அவ்வளவுதான்" என்றார் குபாத். அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் ஏதுமில்லை. எந்த இடத்தில் வைத்துப் பேசுவார்கள் என்று நான் கேட்கவில்லை. என்ன நிற வண்டி என்று மட்டும் கேட்டேன். வெள்ளை என்றார்.

வியாழன் மதியம் பெர்மெத்தைக் கூப்பிட்டேன். அவளை வெளியே வரவைக்கக் கதை ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை.

"யாரு?"

"மெதெர்."

 ஒரே மூச்சாகப் பேசினாள்.

"மெதெர் அண்ணே! நீங்கதானா? எத்தன நாளா உங்களுக்கு எழுதணும் எழுதணும்னு இருந்தேன், பயமா இருந்துச்சு, உங்களையும் மாட்டிவிட்டுருவேனோன்னு. அண்ணே, உங்க அஷூவத்தான் நான் வச்சிருக்கேன்."

"அப்படியா?"

"ஏர்மெக் போனதுக்கப்புறம் எதை நம்புறதுன்னே தெரியல. உங்க நிபந்தனை எல்லாத்தையும் படிச்சேன். ஒன்பதும். ரெண்டு தரம். இத எழுதினது நம்ம ரத்தம்தானே, நம்மளக் கைவிடாதுன்னு தைரியம் வந்துச்சு. நம்ம பெரியவங்க பேரத்தான் பூட்டாப் போட்டிருக்கேன். சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. நாலாயிரம் பேரில் ஒன்பது நிபந்தனையையும் படித்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பன்னிரண்டாவது நன்றி. போனை வைத்துவிட்டு, எண் தவறு என்று குபாத்திடம் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் அது எனக்குத் தோன்றவும் செய்தது. மறைக்கவில்லை.

ஆனால் அவள் அண்ணே என்றாள். அதற்கு முன் ஒருமுறைகூட அவள் என்னை அப்படி அழைத்ததில்லை. அன்று நாலைந்து தடவை சொன்னாள், தயங்காமல், நாக்குக் கூசாமல். பிறந்ததிலிருந்து அப்படியே கூப்பிட்டு வந்தவள் மாதிரி.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குச் சந்தையடி நிறுத்தத்துக்கு வா" என்றேன். "உன் அஷூவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கு, நேர்ல சொல்லணும். வெள்ளை வண்டி வரும். நான்தான் அனுப்புறேன், ஏறிக்க."

"சரிண்ணே. வெறுங்கையோட வரமாட்டேன்."

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு அவள் கம்ப்யூட்டர் முழுவதுமாக அழிக்கப்பட்டது. பன்னிரண்டு நிமிடம் ஆனது. இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. அந்தப் பதிப்பில் நான் செய்த திருத்தம் நன்றாக வேலை செய்தது.

அவள் மலைச்சாலையின் மூன்றாவது வளைவுக்குக் கீழே, ஆற்றுப் பாறைகளில் சனிக்கிழமை கிடைத்தாள். அந்த வண்டி என்னுடையது இல்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காணாமல்போன ஐந்து பேரும் கம்பெனிக் கோப்பில் இன்னும் ரஷ்யாவில்தான் இருக்கிறார்கள். அவள் போன் கிடைத்து, கடைசி அழைப்பு என் எண்ணாக இருந்ததால் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அடையாளம் காட்டச் சொல்லி ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தீர்கள். பை நிறைய போர்சோக் பலகாரம், இரண்டு நாள் பழசு, எண்ணெய் துணியில் ஊறியிருந்தது. அதை அவள் எனக்காகத்தான் பொரித்திருக்க வேண்டும். சொந்தக்காரன் வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் போவதில்லையே. நீங்கள் வெளியே போயிருந்தபோது ஒன்றை எடுத்துத் தின்றேன். சாட்சிப் பொருளில் ஒன்று குறைந்தால் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது நிரலைப் பிரித்துப் பார்த்துத் திரித்துச் சொல்வதற்கு முன். ஒவ்வொரு புதிய பதிப்பையும் வெளியிடும் முன் சோதிக்க ஏதாவது ஏழு சொற்கள் வேண்டும். நான் ஆறு வருடமாக அந்த ஏழு பெயர்களைத்தான் அடித்தேன். அடித்துவிட்டுப் பட்டியலோடு ஒப்பிடுவேன். முப்பத்தொரு பதிப்பு. ஒருமுறையும் பொருந்தவில்லை. மார்ச் மாதத் திங்கட்கிழமை பொருந்தியது. ஆக, செய்தியைப் படித்துவிட்டுத் தேடினேன் என்பதும் துல்லியமில்லை. தேடிக்கொண்டுதான் இருந்தேன். அது சோதனை முறை. வேறு ஒன்றுமில்லை.

கடைசிப் பக்கத்தில் உங்கள் படிவம் கேட்கிறது: இறந்தவர்மீது முன்விரோதம் உண்டா? இல்லை. ஆசை, ஏமாற்றம் என்று நீங்கள் பென்சிலால் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், மேடம். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை. சரிபாய் பாட்டன் வழியில் அவள் எனக்குத் தங்கை. தங்கைக்கு யாராவது தீங்கு செய்வார்களா?